அறுபது கரண்டிகளும் ஒரு மீனும்



சமையலறையில் இருக்கவேண்டிய கரண்டிக்கும் மீன்பிடிப்பதற்கும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கக்கூடும். 2024 ஆகஸ்டில் மகளைப் பார்க்கக் கனடா சென்றிருந்தபோது நானும் அப்படித்தான் கேட்டேன். மருமகன் சிரித்துக்கொண்டே ஒரு பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே வரிசை வரிசையாக அறுபது கரண்டிகள்! பிடி கிடையாது, குழிந்த தலை மட்டும்தான். ஒரு முனையில் முக்கவர்த் தூண்டில் முள், மறு முனையில் தங்கூசி கட்ட ஒரு வளையம். ஓடும் படகின் பின்னால் இதை இழுத்துச் சென்றால் தகடு நெளிந்து பளபளக்கும். சின்ன மீன் என்று எண்ணிப் பெரிய மீன் கவ்வும். இப்படி இழுத்துப் பிடிப்பதை அங்கே 'ட்ரோலிங்' என்கிறார்கள். நம்மூர் வள்ளக்காரர் சூரைக்கும் அறக்குளாவுக்கும் செய்வதும் இதே வித்தைதானே.

இதன் பிறப்பு பற்றி ஒரு கதை உண்டு. ஜூலியோ புவெல் என்ற அமெரிக்கர் இளவயதில் ஏரியில் படகிலிருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கையில் கரண்டி நழுவி நீரில் விழ, மூழ்கும் கரண்டியை ஒரு மீன் பாய்ந்து கவ்வியதாம். கதை எவ்வளவு உண்மையோ, 1852இல் அவர் இத்தகைய பொய் இரைக்கு உரிமைப் பதிவு பெற்றது உண்மை.

நாங்கள் போனது ஈரி ஏரிக்கு. ஏரி என்றதும் நம் குளங்களை நினைக்கவேண்டாம். ஏறக்குறைய 25,700 சதுர கிலோமீற்றர். இலங்கையின் மூன்றில் ஒரு பங்கிலும் அதிகம். வடகரை கனடாவின் ஒன்டாரியோ, தென்கரை அமெரிக்கா. இதன் சிறப்பு மீன் 'வோல்ஐ'. கண்ணின் உட்புறத்தில் ஒளியைத் திருப்பி அனுப்பும் படலம் இருப்பதால் மங்கல் வெளிச்சத்திலும் நன்றாக இரை தேடும். வெள்ளைச் சதை, முள் குறைவு. நமது உம்மாமார் கையில் கிடைத்தால் ஆணம் மணக்கும்.

வெளிநாட்டவன் என்பதால் எனக்கு எட்டு நாள் மீன்பிடி அனுமதிப் பத்திரம் எடுத்துக்கொண்டு, நேரே கடைக்குப் போனோம். அந்தக் கடையைப் பார்க்கவேண்டுமே! ஒரு சுவர் முழுக்கக் கரண்டி. ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு பெயர். ஒன்றின் பெயர் 'குரங்கு வாந்தி'. மெய்யாகவே அப்படித்தான் விற்கிறார்கள், அதற்குத்தான் கிராக்கியும் அதிகமாம். இன்னொரு கம்பனியின் கரண்டிக்கு அசல் தங்க முலாம். பொன் வெள்ளிப் பாத்திரத்தில் உண்பது நமக்குத் தடை. மீனுக்குத் தடையில்லை போலும். மருமகன் அறுபதோடு இன்னும் நான்கு சேர்த்துக்கொண்டார். மகளின் முகம் கறுத்ததை நான் கவனித்தேன். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி; வீட்டுக்கடன் வேறு. அந்தக் கோடையில் மருமகன் ஐந்து தடவை ஏரிக்குப் போய் வெறுங்கையோடு வந்திருக்கிறார்.

முதல் நாள் போர்ட் ஸ்டான்லி என்ற கரையிலிருந்து, மருமகனின் அயல்வீட்டுப் பெரியவர் ஒருவரின் படகில் போனோம். இரண்டு மணி நேரத்தில் மருமகன் பதினொரு தடவை கரண்டி மாற்றினார். நீலம், பச்சை, ஊதா, தங்கம். ஒன்றும் தொடவில்லை. பெரியவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கடைசியில் கேட்டார்: "உன் கரண்டி இப்போது எத்தனை அடி ஆழத்தில் போகிறது?" மருமகனிடம் பதில் இல்லை.

விஷயம் அங்கேதான் இருந்தது. இந்த ட்ரோலிங் கரண்டி மெல்லிய தகடு. சில கிராம்தான் நிறை. மெதுவாக இழுத்தாலும் அழகாக நெளியும். ஆனால் தானாக ஆழம் போகாது. எங்கள் கரண்டிகள் பத்தடிக்குள் மிதந்துகொண்டிருக்க, படகின் திரையில் மீன்கள் நாற்பத்தைந்து அடியில் தெரிந்தன. கோடை முதிரும்போது ஏரியின் நடுப்பகுதியில் மேல்நீர் சூடாகவும் அடிநீர் குளிராகவும் பிரிந்து நிற்கும். அடியில் பிராணவாயு குறைந்துவிடும். ஆகவே மீன் அடியில் படுக்காமல் இடையில் நிற்கும். அங்கே கரண்டியைக் கொண்டுசேர்க்க, நீரின் விசையால் கீழே இறங்கும் தட்டு ஒன்றைத் தங்கூசியில் கோர்க்கிறார்கள். அல்லது கம்பியில் தொங்கும் ஈயக் குண்டோடு இறக்குகிறார்கள். மீனின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே போகவேண்டும், கீழே போகக்கூடாது. வோல்ஐ மேல்நோக்கித்தான் இரையைப் பார்க்கும்.

அடுத்தது வேகம். மணிக்கு மூன்று முதல் நான்கு கிலோமீற்றர், நாம் நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம் குறைவு. பெரியவர் ஒரு நுட்பம் சொல்லித்தந்தார். ஒவ்வொரு கரண்டியையும் முதலில் படகின் ஓரத்தில் நீரில் பிடித்துப் பார்க்கவேண்டும். பக்கத்துக்குப் பக்கம் ஆடினால் சரி; பம்பரமாய்ச் சுற்றினால் வேகம் கூடுதல். படகு திரும்பும்போது வெளிப்பக்கக் கரண்டி வேகமாகும், உட்பக்கக் கரண்டி மெதுவாகும். எதில் மீன் கவ்வுகிறதோ அதற்கேற்ப வேகத்தை மாற்றிக்கொள்ளலாம். புத்தகத்தில் தேடியும் கிடைக்காத பாடம்.

பிறகுதான் அளவு. கோடை தொடக்கத்தில் இரைமீன் குஞ்சாக இருக்கும், இரண்டரை அங்குலக் கரண்டி போதும். இரைமீன் வளர வளர மூன்றரை அங்குலம் வரை போகலாம். நிறம் எல்லாவற்றுக்கும் கடைசி. வோல்ஐயின் கண் செம்மஞ்சளையும் பச்சையையும் நன்கு உணரும் என்பது உண்மைதான். ஆனால் ஆழத்தில் முதலில் மறைவது சிவப்புதானே! வெயிலில் தெளிந்த நீருக்கு வெள்ளி, கலங்கலுக்கும் மங்கல் வெளிச்சத்துக்கும் தங்கம், செம்பு, பளிச்சென்ற நிறங்கள். இதற்கு ஆறேழு கரண்டி தாராளம். கடைச் சுவர் மீனைப் பிடிக்கத் தொங்குவதல்ல, மருமகன்மாரைப் பிடிக்கத்தான் என்று எனக்குப் பட்டது. அவரிடம் சொல்லவில்லை.

மறுநாள் மாலை மறுபடியும் போனோம். தட்டு மாட்டி, நாற்பது அடிக்கு இறக்கி, முதல் நாள் பயனற்றுப் போன அதே செம்புக் கரண்டியைத்தான் போட்டோம். சூரியன் சாயும் நேரம் இந்த மீனுக்கு நல்ல பசி. மஃரிபுக்குச் சற்று முன்னர் முதல் மீன், தொடர்ந்து இரண்டு. நாங்கள் தொழுது முடிக்கும்வரை பெரியவர் தங்கூசிகளைச் சுருட்டி வைத்துவிட்டுக் காத்திருந்தார்.

ஒரு மீன் பெரியது, இரண்டு சிறியவை. கரையில் பெரியவர் மருமகனைத் தனியே அழைத்து, பெரியதை மனைவிக்குக் கொடுக்காதே என்றார். வயது கூடிய பெரிய மீனில் பாதரசம் அதிகம் சேரும். கருவிலிருக்கும் பிள்ளையின் மூளையை அது பாதிக்கும். 1970இல் இந்த ஏரி மீன்களில் பாதரசம் கண்டுபிடிக்கப்பட்டு வோல்ஐ பிடிப்பே நிறுத்தப்பட்டிருக்கிறது. பின்னர் நிலைமை வெகுவாகச் சீராகியது. எனினும், எந்த நீரில் எந்த நீள மீனை மாதத்தில் எத்தனை வேளை உண்ணலாம் என்று ஒன்டாரியோ அரசு பட்டியல் வெளியிடுகிறது. கர்ப்பிணிகளுக்கும் சிறுவர்களுக்கும் அதில் தனிக் கணக்கு. அன்றிரவே மருமகன் அளவு நாடாவும் பட்டியலுமாக மேசையில் உட்கார்ந்துவிட்டார்.

சிறியதில் ஒன்றை மகளுக்குத் தேங்காய்ப்பால் ஆணமாக்கினேன். பெரியது எனக்கும் மருமகனுக்கும் பொரியல். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது மகள் மெதுவாகக் கேட்டாள்:

"வாப்பா, ஆறேழு போதுமெண்டால் மிச்சக் கரண்டிகளைக் கடைக்காரன் திருப்பி எடுப்பானா?"