சதுர அடி ரேட்டில் எது அடங்கும், எது அடங்காது? வீடு கட்டும் முன் கொட்டேஷனில் பார்க்க வேண்டியவை

கடலூர் செம்மண்டலத்தில் அப்பா வாங்கிப் போட்ட மனை இருக்கிறது. நீங்கள் சென்னையில் வேலையில் இருக்கிறீர்கள். வீடு கட்ட இரண்டு காண்ட்ராக்டர்களிடம் விலை கேட்கிறீர்கள். ஒருவர் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்கிறார், இன்னொருவர் 2,500 என்கிறார். 1,000 சதுர அடி வீட்டுக்கு 3 லட்சம் வித்தியாசம். (ரேட் எல்லாம் உதாரணத்துக்குத்தான்.) முதல் ஆளுக்கே கொடுத்துடலாம்னு தோணும் இல்லையா?

கொஞ்சம் பொறுங்க. வங்கி லோன் கொடுப்பது எஸ்டிமேட்டைப் பார்த்து. பாதி வேலையில் வரும் ‘எக்ஸ்ட்ரா’ அந்த லோனில் இருக்காது. அப்போது அம்மாவின் நகைதான் அடகுக்குப் போகும்.

ரேட் குறைவு, செலவு அதிகம்: எப்படி?

2,200 சொன்னவரின் கொட்டேஷன் கடைசியில் ‘ஜி.எஸ்.டி. தனி’ என்று ஒரு வரி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளோடு சேர்த்து வீடு கட்டித் தரும் ஒப்பந்தத்துக்கு வரி 18 சதவீதம். 22 லட்சத்துக்கு அது 3.96 லட்சம். மொத்தம் 25.96 லட்சம். வரியையும் சேர்த்து 2,500 சொன்னவருக்குக் கொடுப்பது 25 லட்சம்தான்!

பெரும்பாலும் ரேட்டுக்கு வெளியே நிற்பவை

• போர், தண்ணீர் சம்ப், செப்டிக் டேங்க்
• காம்பவுண்ட் சுவர், கேட்
• மாடுலர் கிச்சன், கப்போர்டு
• பிளான் அப்ரூவல் கட்டணம், மின் இணைப்புச் செலவு

அடுத்தது அளவு. போர்டிகோ, பால்கனி, மாடிப்படி மேலே வரும் ஹெட் ரூம் எல்லாம் முழு ரேட்டா, பாதி ரேட்டா? 100 சதுர அடி போர்டிகோவுக்கு 2,200 ரேட்டில் முழுசாகப் போட்டால் 2.2 லட்சம், பாதி என்றால் 1.1 லட்சம்.

‘நல்ல டைல்ஸ், பிராண்டட் பெயின்ட்’ என்று எழுதினால் அதற்கு அர்த்தமே இல்லை. ‘டைல்ஸ் சதுர அடிக்கு இத்தனை ரூபாய் வரை’ என்று இருக்க வேண்டும். கடையில் அதைவிட விலை கூடியது உங்களுக்குப் பிடித்தால், வித்தியாசம் உங்கள் கணக்கு.

கடலூர்க்காரங்க கூடுதலா கேட்க வேண்டியது

2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு தென்பெண்ணை பெருகி, கடலூரில் பல குடியிருப்புகளுக்குள் தண்ணீர் வந்தது. அதனால் பேஸ்மென்ட் உயரம் முக்கியம். ‘3 அடி பேஸ்மென்ட்’ என்று எழுதியிருந்தால், எங்கிருந்து 3 அடி என்று கேளுங்கள். மனை ரோட்டைவிட 2 அடி பள்ளமாக இருந்து, மனை மட்டத்தில் இருந்து அளந்தால், ரோட்டுக்கு மேல் நிற்பது 1 அடிதான். பள்ளத்தை நிரப்பும் மண்ணும் அதைக் கொட்டும் கூலியும் யார் செலவு என்பதும் எழுத்தில் வேண்டும்.

இரண்டாவது, உப்புக்காற்று. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஐ.எஸ். 456 தரம் சொல்லும் குறைந்தபட்சம் எம் 20. ஆனால் அதே தரம், கடலோரச் சூழலில் பாதிப்பின் அளவைப் பொறுத்து எம் 25, எம் 30 என்று உயர்த்திக் கேட்கிறது. ‘எம் 20’ என்று மட்டும் எழுதியிருந்தால், உங்கள் மனைக்கு அது போதுமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் கேளுங்கள். கம்பி துருப்பிடித்து கான்கிரீட் பெயர்வது உடனே தெரியாது, சில வருஷம் கழித்துத்தான் தெரியும்.

சிமென்ட் வரி குறைஞ்சுதே?

ஆமாம். 2025 செப்டம்பர் 22 முதல் சிமென்ட் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதம் ஆனது. ஆனால் காண்ட்ராக்டர் போடும் 18 சதவீதம் மாறவில்லை. அதற்கு முன்னால் வாங்கிய கொட்டேஷன் என்றால், சிமென்ட் விலையை எந்த வரியில் கணக்குப் போட்டார் என்று கேட்கலாம்.

லேபர் காண்ட்ராக்ட் என்றால்?

பொருள் நீங்கள், கூலி மட்டும் மேஸ்திரி. தனி வீட்டுக்கு இப்படி வெறும் கூலி ஒப்பந்தம் போட்டால் ஜி.எஸ்.டி. கிடையாது. ஆனால் சென்ட்ரிங் ஷீட் வாடகை, மிக்சர் வாடகை, தினமும் தண்ணீர் விடும் ஆள் கூலி எல்லாம் அந்த ரேட்டில் உண்டா என்று கேட்காமல் விடாதீர்கள்.

தகராறு வந்தால்?

சொந்த மனையில் காண்ட்ராக்டர் கட்டித் தரும் வீட்டுக்கு ரெரா பொருந்தாது. அது விற்பனைக்காகக் கட்டும் புராஜெக்ட்டுகளுக்கு. ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, வீடு கட்டித் தருவதையும் ‘சேவை’ என்கிறது. 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்த சேவைக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம். பிரச்னை எழுந்து 2 வருஷத்துக்குள் போக வேண்டும். அங்கே கையில் இருக்க வேண்டியது கையெழுத்துப் போட்ட கொட்டேஷன். ‘வாயால சொன்னாருங்க’ என்பதை நிரூபிப்பது கஷ்டம்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்

இரண்டு காண்ட்ராக்டர்களிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: “அண்ணே, இந்த ரேட்ல என்னென்ன வராது? அதை மட்டும் தனியா ஒரு லிஸ்ட் போட்டுக் கொடுங்க.” அந்த லிஸ்ட்டில் உள்ள ஒவ்வொன்றுக்கும் விலை போட்டு, கொட்டேஷன் தொகையோடு கூட்டுங்கள். பணத்தையும் பேஸ்மென்ட், லிண்டல், ரூஃப், பூச்சு என்று முடிந்த வேலைக்கு மட்டும் பிரித்துக் கொடுங்கள். ஒப்பிட வேண்டியது சதுர அடி ரேட்டை அல்ல, இந்தக் கூட்டுத்தொகையை. லோனுக்கு விண்ணப்பிக்கும்போது வங்கியிடம் காட்ட வேண்டியதும் அதுதான்.