எண்ணெய்க் குழாயும் கிணற்று நீரும்

வயலின் கீழே செல்லும் எண்ணெய்க் குழாய் கசிந்தால், நஷ்டமடைந்த குடியானவர் யாரிடம் முறையிடுவது, தாம் சொல்வதை எதைக்கொண்டு மெய்ப்பிப்பது என்னும் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதற் கேள்விக்குச் சட்டங்கள் ஒருவாறு விடை கூறுகின்றன. இரண்டாவதற்கு விடை பெரும்பாலும் கிராமத்தார் கையிலேயே இருக்கிறது. அதை அவர்கள் முன்கூட்டியே தேடிவைப்பதில்லை என்பதுதான் குறை.

தஞ்சாவூர் ஜில்லா கதிராமங்கலத்தில் நிகழ்ந்ததை உதாரணமாகக் கொள்ளலாம். 2017-ஆம் வருஷம் ஜூன் மாதம் 30-ஆம் தேதி, ஓ.என்.ஜி.சி. என வழங்கும் எண்ணெய் எரிவாயுக் கழகத்தின் குழாயில் கசிவு கண்டு, கச்சா எண்ணெய் வயலில் பரவியது. கலெக்டர் நேரில் வந்து பார்க்கவேண்டுமென்று ஊரார் கூடி நின்றனர். வைக்கோலில் தீ மூண்டது, போலீசார் தடியடி நடத்தினர், சிலர் கைதாயினர். குழாயைப் பற்றிய முறையீடு அன்றைக்கே கலகத்தைப் பற்றிய வழக்காக மாறிவிட்டது. தங்கள் நீர் நிறம் மாறிக் கெட்டுவிட்டதென்று ஊரார் கூற, தங்கள் வேலையால் நிலத்தடி நீருக்குக் கேடில்லை என்று கழகத்தார் மறுத்தனர். இத்தகைய விவகாரத்தில், நீர் முன்பு எவ்வாறிருந்தது என்னும் பதிவு இல்லாவிடில், எவர் சொல்வது மெய்யென்று எவ்வளவு நேர்மையான அதிகாரியாலும் தீர்மானிக்க இயலாது.

2020-ஆம் வருஷத்தில் சட்டசபை நிறைவேற்றிய பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம், காவேரிப் பாசனப் பகுதிகளில் புதிய எண்ணெய்க் கிணறுகளைத் தடுத்தது. ஆயினும் அதற்கு முன்னரே நடந்துவந்த வேலைகளை அது நிறுத்தவில்லை. ஆகவே குழாய் உள்ள கிராமத்தார் கவலையற்றிருத்தல் கூடாது.

எண்ணெயோடு பூமிக்கடியிலிருந்து வரும் நீர் பெரும்பாலும் மிகுந்த உப்புடையது. அது வயலில் பாய்ந்தால் மண் இறுகிப் பயிர் குன்றும். நீரின் உப்பளவையும் கார அமிலத் தன்மையையும் வேளாண்மை இலாகாவின் மண் பரிசோதனை நிலையங்களில் சொற்பக் கட்டணத்தில் அறியலாம். கோடையில் ஒரு முறையும் மழைக்குப் பின் ஒரு முறையும் இதைச் செய்துவருவது நலம். பம்பைச் சில நிமிஷம் ஓடவிட்டு, அந்நீராலேயே புட்டியை அலம்பிப் பிடித்து, சர்வே எண்ணையும் தேதியையும் எழுதி ஒட்டவேண்டும். கிராம நிர்வாக அதிகாரி உடனிருந்து கையொப்பமிட்டால் அதன் மதிப்பு உயரும். எண்ணெய்க் கலப்பை அறிவது இந்நிலையங்களின் வேலையன்று. அதற்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தை நாடவேண்டும்.

கசிவு நேர்ந்ததும் வாரியத்தின் ஜில்லா அலுவலகத்துக்கு எழுத்து மூலம் அறிவித்து, அதன் அதிகாரியைக் கொண்டே மாதிரி எடுக்கச் செய்தல் அவசியம். 1974-ஆம் வருஷத்து நீர்ச் சட்டப்படி, விதிமுறை வழுவாது எடுத்த மாதிரிக்கே அச்சட்ட வழக்குகளில் சாட்சி மதிப்பு உண்டு. 1962-ஆம் வருஷத்துக் குழாய்ச் சட்டத்தின்கீழ் போடப்பட்ட குழாயால் நேர்ந்த நஷ்டத்துக்கு, அதற்கென நியமிக்கப்பட்ட அதிகாரி முதலில் ஈடு நிர்ணயிப்பார். அது போதாதெனில் ஜில்லா நீதிபதியிடம் செல்லலாம். 2010-ஆம் வருஷத்துச் சட்டத்தால் ஏற்பட்ட பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்னக அமர்வு சென்னையில் இருக்கிறது. அங்கே பொதுவான வழக்குக்கு 6 மாதமும், நஷ்டஈட்டு மனுவுக்கு 5 வருஷமும் கெடு. அனுமதிக்கக்கூடிய தாமதம் அதற்குமேல் 60 நாள் மட்டுமே. ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று வாளாவிருந்தவர் உரிமையை இழக்க நேரும்.

நீரைச் சோதிக்கும் பொறுப்பைக் குடியானவர் தலையில் சுமத்துவது நியாயமா என்று சிலர் கேட்கலாம். நியாயமன்று. மாசு செய்தவரே அதன் செலவை ஏற்கவேண்டுமென்பது பசுமைத் தீர்ப்பாயச் சட்டம் ஒப்புக்கொண்ட கொள்கை. அவ்வாறே, குழாய் செல்லும் ஒவ்வொரு கிராமத்திலும் வருஷந்தோறும் பொதுவான ஒருவரைக் கொண்டு நீரைச் சோதித்து, முடிவைப் பஞ்சாயத்து அலுவலகத்தில் ஒட்டும் செலவைக் குழாய் உடையவரே ஏற்கும்படி சர்க்கார் விதிக்கவேண்டும். முறையீடு வந்த அன்றே தாசில்தாரும் வாரிய அதிகாரியும் சேர்ந்து வயலில் இறங்கவேண்டும். வாரியத்தின் தலைமை அலுவலகம் கிண்டியில் இருக்கிறது. குடியானவரின் கிணறோ அங்கிருந்து வெகு தூரத்தில் இருக்கிறது. கிராமத்தில் தீராத முறையீடு கிண்டிக்குச் சென்று சேருமுன் குறுவையும் சம்பாவும் கடந்துவிடும்.

அத்தகைய விதி வரும்வரை கிராமத்தார் காத்திராமல், இவ்வருஷத்துக் கிணற்று நீரை இவ்வருஷமே சோதித்து, சீட்டைப் பட்டாவோடு சேர்த்துப் பத்திரப்படுத்துவார்களாக. குழாய் கசிந்த நாளில் அந்த ஒரு சீட்டு பல கூட்டங்களைவிட உரக்கப் பேசும்.