வலியைப் பொறுப்பது சிகிச்சையாகாது

டெக்ஸாஸ் மாநிலத்து ஆலன் நகரில் வாழும் நம்மவரிடையேயும் ஒரு வாதம் பலமாகக் கேட்கிறது: செயற்கைக் கருத்தரிப்பில் கருவைக் கருப்பையில் வைப்பது சில நிமிஷக் காரியம், பெரும்பாலோர் மயக்கமின்றியே தாங்குகிறார்கள், ஆகவே மயக்கமருந்து கேட்பது அநாவசியம். முற்பாதி உண்மை, முடிவு பிழை.

முதலாவது, பெரும்பாலோர்க்குக் கருவை ஏந்திய மெல்லிய குழாய் எளிதாகச் செல்வது, கருப்பை வாய் குறுகியோ வளைந்தோ இருப்பவளுக்கு எவ்வாறு பிரமாணமாகும்?

இரண்டாவது, வழி கிடைக்காதபோது கருப்பை வாயைப் பற்றியிழுக்கும் இடுக்கி, வலியோடு கருப்பைச் சுருக்கத்தையும் தூண்டக்கூடும். அசையாதிருக்க வேண்டிய தருணத்தில் துடிக்கும் தேகத்தால் கருவுக்கு என்ன அனுகூலம்?

மூன்றாவது, பிரசவ வேதனையைத் தாங்கப்போகிறவள் இதைத் தாங்கலாகாதா என்கிறார்கள். அந்தப் பிரசவ வேதனையையே தாங்கித்தானாக வேண்டுமென்பதில்லை: 1853-இல் விக்டோரியா மகாராணிக்கே பிரசவத்தில் மருத்துவர் ஜான் ஸ்நோ குளோரோபாரம் என்னும் மயக்கமருந்து கொடுத்தாரே!

பெண்ணின் வலியை இயல்பென்று ஒதுக்கும் மனோபாவம் எங்கே கொண்டுபோய்விடும் என்பதற்கு யேல் பல்கலைக்கழகக் கருத்தரிப்பு நிலையமே சாட்சி: 2020-இல் அங்கே செவிலி ஒருத்தி ஃபென்டனில் என்னும் வலிநீக்கி மருந்தைத் திருடி உப்புநீரை நிரப்பிவைக்க, முட்டை எடுக்கப்பட்ட பெண்கள் வலி தாங்காது கதறியும், மாதக்கணக்கில் திருட்டு வெளிப்படவில்லை.

மயக்கத்துக்குச் செலவுண்டு, உபவாசமுண்டு. எல்லோருக்கும் அது வேண்டியதுமில்லை. ஆனால் கருவை வைக்குமுன் நடத்தும் ஒத்திகையிலேயே துடித்தவள் கேட்கும்போது மறுக்கும் மருத்துவர், அவளுடைய இருதயத்திலோ சுவாசத்திலோ உள்ள அபாயத்தைக் காரணமாகக் காட்டட்டும். பிறர் பொறுத்ததைக் காட்ட வேண்டாம்.