வெல்டிங் வைத்த துப்பாக்கி

திருச்சிக்காரர்களுக்கு வெல்டிங் என்றால் ஒரு தனிப் பெருமை. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். 1960களில் பெல் வந்தது, 1975-ல் வெல்டிங்குக்கென்றே ஒரு ஆராய்ச்சி நிலையம் வந்தது, துவாக்குடிப் பக்கம் தடுக்கி விழுந்தால் ஏதாவது ஒரு ஃபேப்ரிகேஷன் பட்டறை வாசலில்தான் விழ வேண்டும். உலகத்தின் பல மூலைகளில் இந்த ஊர் பாய்லர் ஓடுகிறது. பிரச்சினை எங்கே ஆரம்பிக்கிறது என்றால், தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கியை பீரோவுக்குப் பின்னாலிருந்து யாராவது வெளியே எடுக்கும்போது.

குழலுக்குள் துரு. ஒரு பக்கம் ஒடுக்கு. இரண்டு குழலையும் சேர்க்கும் நடுப்பட்டை ஒரு முனையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது. உடனே ஒரு மாமா சொல்வார்: "நம்ம பையன் ஒருத்தன் இருக்கான், பாய்லர் ட்யூபுக்கே வெல்டு வைக்கிறவன். இது என்ன பிரமாதம், ஒரு மணி நேர வேலை."

அந்தப் பையன் நல்ல வெல்டராகவே இருக்கட்டும். பாய்லர் ட்யூபில் அவன் வைத்த வெல்டை யாராவது அவன் முகத்தைப் பார்த்து நம்பினார்களா? எக்ஸ்ரே எடுத்தார்கள். தண்ணீர் நிரப்பி, வேலை செய்யும் அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிப் பார்த்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்து முத்திரை குத்தினார். அதற்குப் பிறகுதான் லாரி ஏறியது. இத்தனை சடங்கும் நடக்கிற இன்றைய பெரிய பாய்லரின் அழுத்தம் சுமார் 250 பார். ஒரு சாதாரண 12 போர் தோட்டாவுக்கு ஐரோப்பிய சி.ஐ.பி. அமைப்பு அனுமதிக்கும் உச்ச அழுத்தம் 740 பார். கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அது கண்ணிமைக்கும் நேரம்கூட நீடிப்பதில்லை, உச்சம் வருவதும் குழலின் தடித்த பின்பக்கத்தில்தான் என்பது உண்மையே. ஆனால் பாய்லரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு யாரும் நிற்பதில்லை. துப்பாக்கியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டுதான் சுடுகிறார்கள்.

குழலுக்கும் இந்தப் பரிசோதனை உண்டு. 'ப்ரூஃப்' என்பார்கள். சி.ஐ.பி. கணக்கில் 740 பார் துப்பாக்கியை 930 பார் தோட்டாவால் சுட்டுப் பார்த்து, வெடிக்காமல் விரியாமல் இருந்தால் முத்திரை. லண்டனில் 1637-லிருந்தும் பர்மிங்ஹாமில் 1813-லிருந்தும் இதற்கென்றே ப்ரூஃப் ஹவுஸ்கள் இருக்கின்றன. ஒரு காலத்தில் மவுண்ட் ரோடு கடிகாரக் கடை பி.ஓர் அண்ட் சன்ஸ் துப்பாக்கியும் விற்றது. அந்த மாதிரிக் கடைகளின் பெயர் பொறித்து வந்த இங்கிலாந்துத் துப்பாக்கிகளைப் புரட்டிப் பார்த்தால் குழலின் அடியில் கிரீடமும் எழுத்துமாக அந்த முத்திரை தெரியும். ஒன்றை மறக்கக் கூடாது. அந்த முத்திரை, அன்றைக்கு இருந்த குழலுக்குக் கொடுத்த சான்றிதழ். துரு தின்று, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, வெல்டு வைத்த பிறகும் அதே முத்திரையைக் காட்டுவது, பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டைக் காட்டி டாக்டர் வேலை கேட்பது மாதிரி.

வெல்டிங் ஏன் ஆகாது? இரண்டு குழலும் நடுப்பட்டையும் ஒட்டிக்கொண்டிருப்பது பெரும்பாலும் ஈயப்பற்றில். இருநூறு சொச்சம் டிகிரியிலேயே அது உருகும். வெல்டிங் சூடு அதைப் போல பல மடங்கு. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் முழு ஜோடியும் கழன்று, வளைந்து, இரண்டு குழலும் இரண்டு திசையைப் பார்க்கும். பளபளப்புக்காகக் கொதிக்கும் காஸ்டிக் உப்புத் தொட்டியில் முக்கி 'ப்ளூயிங்' செய்வதும் இதே வகைக் கொடுமை. அந்தக் காரம் ஈயப்பற்றைத் தின்றுவிடும். வெளியே கருநீல மினுமினுப்பு, உள்ளே ஒட்டு இல்லை.

இன்னொரு வைத்தியம் உண்டு. "உள்ளே லேத்ல விட்டு ஒரு கட் எடுத்தா துரு போயிடும் சார்." துரு போகும், கூடவே சுவரும் போகும். நல்ல பழைய குழலின் முன்பாதியில் சுவரின் கனம் ஒரு மில்லிமீட்டருக்கும் கீழே. இங்கிலாந்துத் துப்பாக்கி வேலைக்காரர்கள் குறைந்தபட்சம் என்று பொதுவாகச் சொல்வது அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது, அதாவது அரை மில்லிமீட்டர். இதில் எத்தனை 'கட்' எடுப்பது? ஒடுக்கு விழுந்தால் பரவாயில்லை, உலோகம் அங்கேயேதான் இருக்கிறது. தெரிந்தவர் கையில் உள்ளிருந்து மெதுவாக எழுப்பிவிடலாம். புடைப்பு அப்படியல்ல. அங்கே இரும்பு இழுபட்டு மெலிந்துவிட்டது. தட்டி உள்ளே தள்ளினால் பார்க்கச் சமமாக இருக்கும், அவ்வளவுதான்.

இதற்கு மேல் 'டமாஸ்கஸ்' குழல் என்ற சமாச்சாரம். இரும்பும் எஃகுமான பட்டைகளை முறுக்கி, ஒரு கம்பியைச் சுற்றிச் சுருட்டி, பழுக்கக் காய்ச்சி அடித்து ஒட்டிய குழல். மேலே அலை அலையாகக் கோலம் தெரியும். (இது நம் கொடுமணல் எஃகு என்று பெருமைப்பட்டு எழுதுபவர்கள் கவனிக்கவும்: வாளுக்குப் போன நம் ஊர் உருக்கு வேறு, பெல்ஜியத்திலும் பர்மிங்ஹாமிலும் முறுக்கிய இந்தக் குழல் வேறு. பெயர் மட்டும்தான் ஒன்று.) குழல் முழுக்கவே ஆயிரம் ஒட்டுகள். நூறு வருடத் துரு எந்த ஒட்டுக்குள் நுழைந்திருக்கிறது என்று வெறும் கண்ணுக்குத் தெரியாது. பெரும்பாலும் பழைய கரிமருந்துக்காகச் செய்தவை இவை. இன்றைக்குக் கடையில் வாங்கும் தோட்டாவில் இருப்பது புகையில்லாத நைட்ரோ மருந்து. அதற்கென்று ப்ரூஃப் ஆகாத டமாஸ்கஸ் குழலில் அதைப் போடுவது முட்டாள்தனம். போதாக்குறைக்குப் பல பழைய துப்பாக்கிகளின் தோட்டா அறை 65 மி.மீ. நீளம்தான், இன்றைய தோட்டா பெரும்பாலும் 70 மி.மீ. உள்ளே சமர்த்தாக நுழைந்துவிடும், அதுதான் ஆபத்தே. சுட்டு வாய் விரியும்போது இடமில்லாமல் அழுத்தம் ஏறும்.

அப்படியென்றால் வழியே இல்லையா? இருக்கிறது. 'ஸ்லீவிங்' என்று பெயர். பழைய குழலின் பின்பக்கம் மூன்று அங்குலம் அளவுக்கு வைத்துக்கொண்டு, முன்னால் உள்ளதை வெட்டி எறிந்து, புதுக் குழலை உள்ளே செருகிப் பொருத்துவது. பிறகு மறுபடியும் ப்ரூஃப். இங்கிலாந்தில் இப்படிச் செய்த குழலில் 'ஸ்லீவ்டு' என்று முத்திரை இருந்தாக வேண்டும். இதைக் கேட்டதும் "ஒரிஜினல் போச்சே" என்று புலம்பும் கோஷ்டி ஒன்று உண்டு. அவர்கள் தயவுசெய்து ஒருமுறை ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்க்கவும். அடித்தளம் நாயக்கர் காலத்துக்கும் முந்தையது, நானூறு வருடம் மொட்டையாக நின்றது. மேலே உள்ள பதின்மூன்று நிலையும் 1987-ல் முடிந்தவை. 236 அடியும் பழசு என்று யாரும் பொய் சொல்லவில்லை, புதுசு என்று யாரும் கும்பிடாமலும் போகவில்லை. எது எப்போது கட்டியது என்பது ஊருக்கே தெரியும். கேட்பதும் அந்த நேர்மையைத்தான்.

இனி சட்டம். 1959 ஆயுதச் சட்டத்தின் ஐந்தாம் பிரிவுப்படி துப்பாக்கியைப் பழுது பார்க்கவும் சோதிக்கவும் தனி லைசென்ஸ் வேண்டும். துப்பாக்கியின் பாகமும் சட்டப்படி ஆயுதமே. எனவே தனிக் குழல் வாங்குவது ஆணி வாங்குவது போல இல்லை. நம்பர் அழிந்தால் அது தனிக் குற்றம், வெட்டிக் குட்டையாக்குவது இன்னொரு குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஐந்தாம் பிரிவை மீறினால் குறைந்தது ஏழு வருடம், அதிகபட்சம் ஆயுள். மாமாவின் ஒரு மணி நேர வேலைக்கு அந்த வெல்டர் பையன் கொடுக்கக்கூடிய விலை இது. மாமாவுக்கு இது தெரியுமா? இதில் வேடிக்கை, பழுது பார்த்தாலும் சுட முடியாத பழங்காலத் துப்பாக்கிக்கு 45-ம் பிரிவு விலக்கு தருகிறது. செத்த துப்பாக்கிக்குச் சுதந்திரம், பிழைக்க வைத்தால் லைசென்ஸ். அதில் தவறொன்றும் இல்லை. ஆனால் லைசென்ஸ் வைத்து, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை அலைந்து புதுப்பித்து, ஒவ்வொரு தேர்தலுக்கும் ஸ்டேஷனில் ஒப்படைத்துத் திரும்ப வாங்கும் ஆள், தன் குழலை நேர்மையாகச் சரி செய்ய எங்கே போவார்?

இந்தக் கேள்வியைக் கேட்க திருச்சியை விடப் பொருத்தமான ஊர் கிடையாது. இங்கே துப்பாக்கித் தொழிற்சாலை இருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் இயங்குகிறது. ராணுவத்துக்கும் போலீசுக்கும் மட்டுமல்ல, லைசென்ஸ் உள்ள பொதுமக்களுக்கென்று 12 போர் பம்ப் ஆக்‌ஷன் துப்பாக்கியும் செய்து வந்த இடம். குழல் துளைக்கத் தெரியும், சுட்டுச் சோதிக்கத் தெரியும். புதுசு விற்கத் தெரிந்தவர்கள் பழைய குழலை அளந்து, "இது தேறும், இது தேறாது" என்று எழுதிக் கொடுத்து முத்திரை குத்த ஒரு மேஜை போட முடியாதா? கட்டணம் வாங்கட்டும். பத்தில் எட்டு தேறாது என்றே வரட்டும். அந்த எட்டும் சுவரில் தொங்கட்டும், அப்படியே, ஓட்டை போடாமல், பாலிஷ் போடாமல். நூறு வயது தாண்டியிருந்தால் 1972 சட்டப்படி அது தொல்பொருள்கூட ஆகலாம்.

அதுவரை, அந்த மேஜை வரும்வரை, குழலைத் தனியே கழற்றி நூலில் தொங்கவிட்டு விரலால் சுண்டிப் பார்க்கலாம். மணி போல ஒலித்தால் நடுப்பட்டை உறுதி என்று ஒரு குறிப்பு. தகரம் போல ஒலித்தால் ஒட்டு விட்டிருக்கிறது. ஆனால் மணி போல ஒலித்தாலும் சுவரின் கனத்தை அது சொல்லாது, அளக்கும் கருவிதான் சொல்லும். அளக்காமல் தோட்டா போடுகிற மாமாக்களுக்கு ஒரு தகவல். குழல் தடிமன் குறைந்து மெலிகிற இடம் பின்முனையிலிருந்து சுமார் ஒன்பது அங்குலத்தில். வலது கைக்காரர் சுடும்போது இடது கை பிடித்திருப்பது கிட்டத்தட்ட அங்கேதான்.