காற்றுப் பை மட்டும் போதுமா?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை என் தங்கை மகன் தன் பிக்கப் வண்டியைக் காக்ஸ் டவுனில் எங்கள் வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். ஓசூர்ப் பக்கத்திலிருந்து பூவும் காய்கறியும் ஏற்றிக்கொண்டு விடியுமுன் பெங்களூர் வந்து இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்புவது அவன் பிழைப்பு. வண்டியை விட்டு இறங்கியவன் நிமிர்ந்து நிற்க ஒரு நிமிடம் ஆயிற்று. இடது கால் மரத்துப்போகிறது என்றான். முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். அவனுக்கு வயது முப்பத்திரண்டுதான்.

"மாமா, ஒரு கடையில் பின்பக்கம் காற்றுப் பை வைத்துத் தருகிறேன் என்கிறார்கள். நாற்பதாயிரம் ஆகுமாம். வைத்தால் கார் மாதிரி போகுமாம். வைக்கட்டுமா?" என்று கேட்டான்.

நான் படித்தது டிப்ளமாதான். ஆனால் ரயில் பெட்டிகளுக்கு அடியில் படுத்து, ஸ்பிரிங்குகளையும் போகிகளையும் பார்த்தே முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் சம்பளம் வாங்கியவன். அந்த அனுபவத்தில் அவனுக்குச் சொன்னதை நம் சங்கத்து அன்பர்களுக்கும் சொல்லலாம் என்று இதை எழுதுகிறேன். ஏனென்றால் நம்மவர்களில் பலர் தண்ணீர் கேன், பூ, சமையல் கான்டிராக்ட், பந்தல் சாமான் என்று பிக்கப் வண்டி வைத்துத் தொழில் செய்பவர்கள். பலர் தாமே ஓட்டுவதில்லை. ஆள் வைத்து ஓட்டுகிறார்கள்.

முதலில் வண்டி ஏன் குலுங்குகிறது என்று பார்ப்போம். 2005-ல் வந்த டாடா ஏஸ் ஆகட்டும், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் ஆகட்டும், பொலீரோ பிக்கப் ஆகட்டும், பின்னால் இருப்பது பட்டை ஸ்பிரிங். நம் தாத்தா காலத்துக் குதிரை வண்டியில் இருந்த அதே ஜாதி. அது குறையல்ல. விலை மலிவு, முரட்டு உழைப்பு. அது எடையைத் தாங்குவதோடு, அச்சு முன்னே பின்னே நகராமல் பிடித்துக்கொள்ளும் வேலையையும் செய்கிறது. இந்த இரண்டாவது வேலையைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருகிறேன்.

பட்டை ஸ்பிரிங்கின் சிக்கல் என்னவென்றால், அது ஒரே எடைக்காகச் செய்யப்பட்டது. ஒரு சின்னக் கணக்கு சொல்கிறேன், பயப்பட வேண்டாம். எடையினால் ஸ்பிரிங் எத்தனை சென்டிமீட்டர் அமுங்கியிருக்கிறதோ, அதன் வர்க்கமூலத்தால் ஐந்தை வகுத்தால், வண்டி நொடிக்கு எத்தனை முறை மேலும் கீழும் ஆடும் என்பது ஏறக்குறையக் கிடைத்துவிடும். நொடிக்கு ஒன்று முதல் ஒன்றரை வரை என்றால் உடம்புக்குச் சுகம். நாம் நடக்கும் வேகத்துக்கு நெருக்கமான ஆட்டம். அதற்கு மேல் போகப்போக உடம்பு தாங்காது. நொடிக்கு நான்கிலிருந்து எட்டு வரையிலான ஆட்டம்தான் உட்கார்ந்திருப்பவனின் முதுகெலும்பையும் வயிற்றையும் மிகவும் வாட்டுகிறது என்பது உலகம் ஒப்புக்கொண்ட விஷயம்.

அன்று என் இரும்பு ஸ்கேலை எடுத்துக்கொண்டு வண்டிக்கு அடியில் போனேன். வீட்டுக்காரி, "இந்த வயதில் ரோட்டில் படுக்கணுமா?" என்றாள். காதில் வாங்கவில்லை. எடைமேடைச் சீட்டுப்படி காலி வண்டியின் பின் அச்சில் எழுநூறு கிலோ. அச்சு, சக்கரம் போன்றவை ஸ்பிரிங்குக்குக் கீழே இருப்பவை. அவற்றுக்கு இருநூற்றைம்பது கழித்தால் ஸ்பிரிங் தாங்குவது நானூற்றைம்பது கிலோ. மறுநாள் ஆயிரத்து இருநூறு கிலோ ஏற்றிய பிறகு அளந்தேன். ஆறு சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது. அதாவது ஒரு சென்டிமீட்டருக்கு இருநூறு கிலோ. காலியாக இருக்கும்போது ஸ்பிரிங்கின் அமுக்கம் இரண்டே கால் சென்டிமீட்டர். கணக்குப் போட்டால் நொடிக்கு மூன்றுக்கு மேல் வந்தது. பையன் பாதி தூரம் ஓட்டுவது காலி வண்டி. முதுகு போகாமல் என்ன செய்யும்?

காரணமும் அங்கேயே கிடந்தது. முன்பு வண்டி வைத்திருந்தவர் அதிகச் சுமை ஏற்றுவதற்காக இரு பக்கமும் கூடுதலாக ஒரு பட்டை சொருகியிருந்தார். பட்டைகளுக்கு நடுவே துரு ஏறி, சின்னப் பள்ளங்களுக்கு ஸ்பிரிங் அசையவே இல்லை. ஒரு ஷாக் அப்சர்பரில் எண்ணெய் ஒழுகிக் காய்ந்து போயிருந்தது. ஷேக்கில் புஷ்கள் தேய்ந்து இரும்போடு இரும்பு இடித்தது. பின் டயரில், சுமை ஏற்றும்போது வைக்க வேண்டிய காற்று காலியிலும் அப்படியே இருந்தது.

டயரைப் பற்றி ஒரு வார்த்தை. டன்லப் 1888-ல் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது, தன் மகனுடைய மூன்று சக்கர சைக்கிள் கல்லில் குலுங்காமல் ஓடத்தான். ஆக, ஒவ்வொரு வண்டியிலும் ஏற்கெனவே நான்கு காற்று ஸ்பிரிங் இருக்கிறது. அதைச் சரியாக வைத்துக்கொள்ளாமல் ஐந்தாவது, ஆறாவது காற்றுப் பைக்கு நாற்பதாயிரம் கொடுப்பது என்ன நியாயம்? வண்டியின் கையேட்டில் காலிக்கும் சுமைக்கும் வேறு வேறு காற்றளவு போட்டிருந்தால் அதன்படி மாற்ற வேண்டும். ஆனால் குறைந்த காற்றோடு சுமை ஏற்றவே கூடாது. டயர் சூடேறி வெடிக்கும்.

இனிக் காற்று ஸ்பிரிங்குக்கு வருவோம். அது நல்ல பொருள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ரயில்வேயில் சேர்ந்த காலத்தில் பெரம்பூர் ஐ.சி.எஃப். பெட்டிகளுக்குச் சுருள் ஸ்பிரிங்தான். புறநகர் மின்சார ரயிலில் கூட்டம் நெருக்கியடிக்கும்போது சுருள் ஸ்பிரிங் அடிவரை அமுங்கிப் பெட்டி தாழ்ந்துவிடும். கூட்டம் இறங்கியதும் விறைத்துக்கொண்டு குதிக்கும். அந்தத் தொல்லைக்குத்தான் காற்று ஸ்பிரிங் வந்தது. பெட்டி தாழ்ந்தால் ஒரு வால்வு திறந்து காற்றை உள்ளே விடும். உயர்ந்தால் வெளியே விடும். எடை கூடினால் காற்றழுத்தம் கூடும்; அழுத்தம் கூடினால் அதே விகிதத்தில் கடினமும் கூடும். ஆகையால் காலியோ கூட்டமோ, ஆட்டத்தின் வேகம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். இரும்பு ஸ்பிரிங்கால் முடியாத வித்தை இது. 2018-ல் ஐ.சி.எஃப். கட்டிய வந்தே பாரத் வண்டியிலும் இதுதான் இருக்கிறது. 2022 நவம்பர் முதல் சென்னைக்கும் மைசூருக்கும் இடையே நம் பெங்களூர் வழியாக ஓடும் வந்தே பாரத்தில் போன அன்பர்கள் அறிவார்கள்.

சாலையிலும் இது புதிதல்ல. அமெரிக்காவில் 1950-களிலேயே நெடுந்தூரப் பேருந்துகளுக்கு வந்துவிட்டது. 2006-ல் பி.எம்.டி.சி. வால்வோ பேருந்துகளை விட்டபோது, நிறுத்தத்தில் பேருந்து 'உஸ்' என்று ஒரு பக்கம் சாய்ந்து பாட்டிமாரை ஏற்றிக்கொண்டதை நாம் வேடிக்கை பார்த்தோமே, அது காற்று ஸ்பிரிங்கின் வேலைதான். பிக்கப் வண்டியிலும் உண்டு. அமெரிக்காவின் ராம் 1500 வண்டியில் 2013 மாடலிலிருந்து நான்கு சக்கரத்துக்கும் கம்பெனியே காற்று ஸ்பிரிங் கொடுத்தது.

ஆனால் கடைக்காரர் பையனுக்கு விற்கப் பார்த்தது அது அல்ல. அது உதவிக் காற்றுப் பை. பட்டை ஸ்பிரிங் அப்படியே இருக்க, அதற்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு பையைச் சொருகுவார்கள். சுமையின்போது வண்டி வால் தாழாமல் நிற்கும், வளைவில் சாய்வு குறையும். அதெல்லாம் உண்மை. காலி வண்டிக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை. பையில் காற்றைக் குறைத்தாலும் அடியில் பட்டை பட்டைதானே! ஒரு கடினமான ஸ்பிரிங்கோடு இன்னொரு ஸ்பிரிங்கைச் சேர்த்தால் மொத்தம் மேலும் கடினமாகுமே தவிர மென்மையாகாது. கூடுதலாகச் சொருகிய பட்டையைக் கழற்றிவிட்டு, அதன் வேலையைப் பைக்குக் கொடுத்தால் ஓரளவு பலன் உண்டு. அதைக் கடைக்காரர் சொல்லவில்லை.

சரி, பட்டையையே எடுத்துவிட்டு முழுக்கக் காற்றில் நிறுத்தினால்? நான் முன்னே சொன்ன இரண்டாவது வேலை இங்கே வருகிறது. அச்சைப் பிடித்துக்கொள்ள வேறு கம்பிகள், கைகள் வேண்டும். கம்ப்ரசர், டாங்க், வால்வு வேண்டும். இவற்றைத் தாங்கச் சேசிஸில் பற்றவைப்பு வேண்டும். தெருவோரப் பட்டறையில் செய்யும் காரியமா இது? சட்டமும் குறுக்கே நிற்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது. நாளைக்கு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் கேட்பது இதைத்தான்.

இன்னொரு ஆபத்து பெரியது. பை வைத்ததும் வண்டி நிமிர்ந்து நிற்கும். பார்ப்பவனுக்கு இன்னும் அரை டன் ஏற்றலாம் என்று ஆசை வரும். பிரேக், டயர், அச்சு, பேரிங் எதுவும் மாறவில்லையே! தாழ்ந்துபோன வால்தான் "போதும், நிறுத்து" என்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வாயைக் காற்றை வைத்து அடைத்துவிடுகிறோம். 2019-ல் திருத்திய சட்டப்படி அதிகச் சுமைக்கு இருபதாயிரம் ரூபாய் அபராதம், அதற்கு மேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம். அபராதத்தை விடுங்கள், ஓசூர் சாலை இறக்கத்தில் பிரேக் பிடிக்காவிட்டால் யார் பொறுப்பு?

பையனின் வண்டிக்கு என்ன செய்தோம்? ஜே.சி. ரோட்டில் இரண்டு ஷாக் அப்சர்பரும் புஷ்களும் வாங்கினோம். கூடுதல் பட்டையைக் கழற்றி, மற்றவற்றைத் துரு நீக்கிச் சுத்தம் செய்து, புது யூ போல்ட் போட்டு முடுக்கினோம். டயர்க் காற்றைக் கையேட்டின்படி வைத்தோம். கூலியோடு ஒன்பதாயிரத்துக்குள் முடிந்தது. மறுபடி அளந்தபோது சென்டிமீட்டருக்கு நூற்றைம்பது கிலோ. காலியில் மூன்று சென்டிமீட்டர் அமுக்கம். ஆட்டம் மூன்றுக்குச் சற்றுக் கீழே வந்தது. சுமையில் ஒன்றரை. கார் ஆகிவிடவில்லை. ஆனால் இடி போய்விட்டது, பள்ளத்தில் ஒரு ஆட்டத்தோடு அடங்குகிறது என்கிறான். சுமையை மட்டும் கையேட்டு எல்லைக்குள் நிறுத்த வேண்டும் என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். மிச்சப் பணத்தில் உட்கார்ந்துபோன இருக்கைப் பஞ்சை மாற்றச் சொன்னேன். கால் சரியாகிவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அது டாக்டரின் வேலை; இன்னும் போய்க்கொண்டிருக்கிறான்.

என் மனதை உறுத்துவது வேறு. ரயில்வேயில் சவாரிக் குறியீடு என்று ஒன்று உண்டு. எண் ஏற ஏறக் குலுக்கல் அதிகம். பயணிகள் பெட்டி 3.25-க்குள் இருக்க விரும்புவோம். சரக்கு வேகனுக்கு 4.25 வரை விடுவோம். மூட்டைக்கு முதுகு இல்லை என்பதால். பிக்கப் வண்டியிலோ, வேகனுக்குரிய ஸ்பிரிங்கின் மேல் ஒரு மனிதனை நாளெல்லாம் உட்கார வைக்கிறோம். ஐரோப்பாவில் 2002-லேயே, வேலை செய்பவர் உடம்பு எட்டு மணி நேரத்தில் எவ்வளவு அதிர்வு வாங்கலாம் என்று சட்டம் போட்டு, அந்த அளவை மீறாமல் பார்ப்பதை முதலாளியின் கடமையாக்கினார்கள்.

இங்கே சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுமா? வண்டி வைத்திருக்கும் நம் அன்பர்களை மூன்று விஷயம் கேட்டுக்கொள்கிறேன். மாதம் ஒரு முறை வண்டிக்கு அடியில் விளக்கடித்துப் பாருங்கள். ஷாக்கும் புஷ்ஷும் ஓட்டுநரின் மருந்துச் செலவைவிட மலிவு. கூடுதல் பட்டை சொருகிச் சுமை ஏற்றாதீர்கள். புது வண்டி வாங்கும்போது எத்தனை டன் இழுக்கும் என்று மட்டும் கேட்காமல், காலியில் எப்படி ஓடுகிறது என்று ஓட்டுநரையே ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். வாங்குகிறவன் கேட்டால்தான் கம்பெனி கொடுக்கும்.

மாநகராட்சிக்கும் ஒன்று சொல்ல வேண்டும். வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் கொண்டு வளைவாக இருக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே அளவு சொல்லியிருக்கிறது. எங்கள் பகுதித் தெருக்களில் சுவர் மாதிரி எழுப்பியிருக்கும் தடைகளை ஒரு ஸ்கேலோடு வந்து அளந்து பார்க்கட்டும். ஸ்கேல் இல்லையென்றால் நான் தருகிறேன்.