யார் செவிக்குப் படிப்பது?

தமிழ்ப் பிள்ளைக்குத் தமிழ் படிக்கக் கூகுள் குழுமமா வழிகாட்ட வேண்டும்?

2022 சூன் திங்களில் ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டம் ‘வாசிப்பு மாரத்தான்’ நடத்தியது. முதற்சொல் வடமொழி, அடுத்தது கிரேக்கம்! அக்குழுமத்தின் ‘ரீட் அலாங்’ செயலியில் நம் சிறார் படித்தனர். படித்தது நன்றே! அவர்தம் ஒலிப்பைச் செவிமடுத்துச் சரி, தவறு சொன்னது யார்? அயலார் ஆக்கிய பொறியன்றோ!

கோவில்பட்டிக் கரிசலைப் பாருங்கள். கம்பும் உளுந்தும் பருத்தியும் விளையும் வானம் பார்த்த நிலம். சொல்விளைவுக்கோ என்றும் குறைவில்லை. இடைசெவல் கி. இராசநாராயணன் 1982-இலேயே கரிசல் வட்டாரச் சொற்களை அகரமுதலியாகத் தொகுத்தளித்தார். 1990 முதல் நெல்லையில் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் இயங்குகிறது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி வீட்டுவரியோடு நூலக வரியும் கட்டுகிறோம். சொல் உண்டு, அறிவு உண்டு, பொருளும் உண்டு. இல்லாதது எது? துணிவு ஒன்றே!

நூலகம் கதைகளைத் திரட்டட்டும். பல்கலைக்கழகம் கரிசல் மக்களின் குரலைப் பதிந்து பொறியைப் பழக்கட்டும். இரண்டும் கைகோத்தால் நம் செயலி நம் மண்ணிலேயே பிறக்கும்.

பருத்தி விளைந்த காட்டுக்குச் சொந்தக்காரன் கோவணத்துக்குக் கையேந்துவதா? தமிழரே, எண்ணுக!