ஒட்டு விதை மறு வருசம் ஏமாத்துவது ஏன்?



ஒட்டு நெல்லில் விதை எடுத்து விதைச்சா ஒண்ணு நெட்டை, ஒண்ணு குட்டை. “உன் நிலம் சரியில்லை” என்பான் வியாபாரி. நிலத்தின் மேல் குற்றமில்லை!

ஒவ்வொரு குணத்துக்கும் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என இரண்டு மரபணு. 1966-ல் வந்த ஐ.ஆர்.8 குட்டையானது, தைவான் நெல்லின் மரபணுவில் தானாக ஏற்பட்ட மாற்றத்தால். அதை நெட்டை நெல்லோடு சேர்த்தால் முதல் தலைமுறை நெட்டை; குட்டை ஒளிஞ்சிருக்கும். அடுத்த தலைமுறையில் நாலில் ஒன்று குட்டை. ஒட்டு விதையும் இப்படித்தான் பிரியுது.

அதே ஐ.ஆர்.8-ஐ டி.கே.எம்.7-ஓடு சேர்த்து, பல தலைமுறை பொறுக்கி நிலைப்படுத்தியதுதான் நம்ம திரூர் ஆராய்ச்சி நிலையத்தின் டி.கே.எம்.9. அதில் விதை எடுக்கலாம். 2001 பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் தரும் உரிமை அது!

அரசே! ஒட்டு விதைப் பையில் ‘மறு விதைப்புக்கு ஆகாது’ என்று தமிழில் அச்சிடு! ஆவடி, பூந்தமல்லி உழவனுக்குத் திரூர் விதை தடையின்றிக் கொடு!